படத்தில் இல்லாத அக்கா

ஒரு சைக்கிள் சின்னத்தை நம்பித் தேர்தலில் குதித்த ஆம்புரோஸை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருபத்தெட்டு வயது. ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பத்து நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தான். திறந்த வெளியில் கூட்டம் போட அனுமதி கிடையாது. அதனால் அவனுடைய அண்ணன் சூசைநாதன், கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன், தம்பியின் பேச்சைப் படம் பிடித்துக் கேசட்டாக்கிக் கொடுத்தான். ஆயர் தாவாரில் முடிதிருத்தும் கடையிலும் கோப்பிக் கடையிலும் இப்போது அந்தக் கேசட்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேச்சு நடந்த இடம் ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் ஒன்பதாங்கட்டைத் தோட்டம். இவர்களுடைய அக்கா அகதா அங்கேதான் ரப்பர் பால்மரம் வெட்டுகிறாள். தோட்டத்துக்குள் துரையின் அனுமதி இல்லாமல் அரசியல் கூட்டம் கூடாது. ஆனால் சடங்கு வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அங்கே குடியிருக்கும் இருளாயியின் பேத்திக்குப் பூப்புச் சடங்கு நடந்தது. கறிச்சோறு முடிந்ததும் அதே பந்தலில் ஆம்புரோஸ் எழுந்து நின்று பேசினான். இந்த யோசனையைச் சொன்னது அகதா.

மூன்று பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று போன வாரம் நானும் மெச்சிக்கொண்டேன். இந்த வாரம் அந்த மெச்சலைக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

ஞாயிற்றுக்கிழமை. ஈப்போவின் புந்தோங்கில் சூசைநாதன் வீட்டு முன்னறையில் காலைப் பூசைக்குப் போய் வந்த உடுப்போடு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு இந்நேரம் ஓட்டுப் பெட்டிகளெல்லாம் நிரம்பிக்கொண்டிருக்கும். அதற்குள் இரண்டாவது கேசட் தயாராக வேண்டும்.

படம் எடுப்பது சூசைநாதன் என்றாலும் அதை வெட்டி ஒட்டுவது அவன் மனைவி ரோசரி. ஒரு டெக்கில் படம் ஓடும், இன்னொன்றில் பதிவாகும். வேண்டிய இடம் வரும்போது விரலால் பட்டனை அமுக்க வேண்டும். அரை நொடி பிந்தினால் மாப்பிள்ளை தாலி கட்டும்போது மணப்பெண்ணுக்குக் கையே இருக்காது. ரோசரியின் விரல் பிந்தியதே இல்லை.

"அண்ணி, மொதல் கேசட்டுல கூட்டத்த ரெண்டு நொடி காட்டிட்டு விட்டுட்டீங்க. அதுவும் முதுகு. இதுல முகத்தைக் காட்டுங்க. எம்பேச்சைக் கேக்க இருநூறு பேரு திரண்டு வந்தாங்கன்னு தெரிய வேணாமா?"

"இருநூறு பேரும் கறிக்குலா வந்தாங்க" என்றாள் ரோசரி.

"வந்தது கறிக்கா இருக்கலாம். ஒக்காந்தது எனக்குத்தான்."

"எந்திரிக்க முடிஞ்சாத்தானே? ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ சோறு போட்டிருக்காங்க ஒங்க அக்கா."

சூசைநாதன் சிரித்தான். ஆம்புரோஸ் சிரிக்கவில்லை. முதல் கேசட்டின் தொடக்கத்திலேயே அவன் குரல்தான் வருகிறது. "ஒன்பதாங்கட்டையில் என் பேச்சைக் கேட்க இருநூறு தொழிலாளர்கள் துணிந்து திரண்டார்கள்" என்று. அந்த ஒரு வரியை அவன் ஏழு தடவை பேசிப் பார்த்துப் பதிந்திருந்தான். சின்ன வயசு, முதல் தேர்தல். அந்த வரியில் அவனுக்கு இருந்த மயக்கத்தை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் வெளிக் கதவு திறந்தது. அகதா உள்ளே வந்தாள்.

தம்பி வீட்டுக்கு வரும்போது அவள் வெறுங்கையோடு வந்ததே இல்லை. மரவள்ளியோ, கொல்லையில் காய்ச்ச முருங்கைக்காயோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கட்டு கீரையாவது இருக்கும். இன்று ஒரு குடை மட்டும் இருந்தது. ரோசரி அதைத்தான் முதலில் கவனித்தாள்.

"என்னக்கா, பூசைக்குப் போகலியா?"

"போகல. தண்ணி குடு பிள்ள."

சொம்பு நிறையக் குடித்தாள். குடித்துவிட்டு நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"நேத்துக் காலையில பெரட்டுல பெரிய கிராணி ஒரு காகிதத்த எடுத்து வாசிச்சாரு. பதினாலு பேரு. நாளைக்கு எட்டு மணிக்கு ஆபீசுக்கு வரணுமாம். துரை உத்தரவில்லாம தோட்டத்துக்குள்ள கூட்டத்துல ஒக்காந்தது குத்தமாம்."

கிராணி தோட்ட ஆபீஸ் கணக்கர்; பெரட்டு என்பது விடியும் முன் வேலைக்கு முகம் காட்டும் இடம். அங்கே பெயர் வாசித்தால் நல்லதற்காக இருக்காது.

"என்ன செய்வாங்களாம்?" என்றான் சூசைநாதன்.

"என்ன செய்வாங்க? வேலய விட்டு நிறுத்துவாங்க. வேலை போனா வீட்ட விடணும். ஒரு மாசத் தவணை. பிச்சைமுத்து அண்ணே வீட்டுல ஏழு உருப்படி. காளியம்மா மக நெற மாசம். எங்க போவாங்க?"

ஆம்புரோஸ் எழுந்துவிட்டான். "அந்தப் பதினாலு பேரு பேரும் எப்பிடிக்கா தெரிஞ்சுது? எங்க கேசட்டுல ஒருத்தர் முகமும் இல்லையே! இப்பக்கூட அண்ணிகிட்ட அதுக்குத்தானே சண்டை போட்டேன்."

"ஒன் கேசட்டு இல்ல. இருளாயி கேசட்டு."

சூசைநாதனுக்கு உடனே புரிந்துவிட்டது.

சடங்குப் படத்தைத் தனியாக ஒரு கேசட்டில் பதிந்து புதன்கிழமையே இருளாயிக்குக் கொடுத்திருந்தான். விருந்தாளி முகம் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்பது அவன் தொழிலில் பாலபாடம். முகம் விடுபட்டால் ஐந்து வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை நின்றுபோகிற குடும்பங்களை அவன் பார்த்திருக்கிறான். அன்றைக்குப் பாதிப் பேர் மத்தியானம் பாலை எடை போட்டுவிட்டுத் தாமதமாக வந்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தபோது ஆம்புரோஸ் பேச ஆரம்பித்திருந்தான். சூசைநாதன் பந்தலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வரிசையாக ஒவ்வொரு முகமாக எடுத்தான். அந்தப் பகுதியை வெட்டினால் பாதி விருந்தாளி காணாமல் போவார்கள் என்று இருளாயியின் கேசட்டில் அப்படியே விட்டுவிட்டான்.

"இருளாயி அதைக் குடுக்காத வீடு இல்ல" என்றாள் அகதா. "பேத்தி அலங்காரத்தப் பாக்கணும்னு கிராணி சம்சாரமும் வாங்கிட்டுப் போனாங்க. அவங்க வீட்டுல வேல செய்யற பாப்பா எங்கிட்ட சொன்னா. கிராணி ராத்திரி சோறுகூடத் திங்காம டெக்க நிறுத்தி நிறுத்திப் பாத்தாராம். நம்ம தோட்டத்து முகம் ஒண்ணு தெளிவா வந்தா நிறுத்துவாராம், எழுதுவாராம். திரும்ப ஓட விடுவாராம்."

தன் கையால் எடுத்த முகங்களை ஒரு மனிதர் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதைச் சூசைநாதனால் நினைக்கவே முடியவில்லை.

"இருளாயிக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. சொன்னா அவ உசுர விட்டுருவா. பதினாலு வீட்டுக்காரங்களும் அவ வாசல்ல போயி மண்ணள்ளித் தூத்துவாங்க. நான் சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க."

ஆம்புரோஸ் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தான். திடீரென்று நின்றான். "அண்ணே! இதையே கேசட்டுல போடுவோம். பதினாலு குடும்பத்த மிரட்டுறாங்கன்னு சொல்லுவோம். பேர் பேராச் சொல்லுவோம். ஓட்டு கொட்டும்!"

"அவங்க ஒன் நோட்டீசு இல்லடா" என்றாள் அகதா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஆம்புரோஸ் உட்கார்ந்துவிட்டான்.

*

"ஒன் பேரும் அதுல இருந்துச்சாக்கா?" என்று சூசைநாதன் மெதுவாகக் கேட்டான்.

"இல்ல."

"மாதாவே, அதுவாச்சும்..." என்று தொடங்கினான்.

"அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் அகதா. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எம்பேரு ஏன் இல்ல, சூசை?"

பிறகு அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் ரோசரிக்கு அந்த வெறுங்கையின் காரணம் விளங்கியது.

நேற்று சாயங்காலம் பைப்படிக்கு அகதா வாளியோடு போனாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் வாளியை வைத்ததும் மற்றவர்கள் தங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். காளியம்மாவும் அவளும் பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவர்கள். ஒரே பிளாஸ்கில் கோப்பி குடிக்கிறவர்கள். அந்தக் காளியம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இருளாயி மட்டும் நின்று கேட்டாள். "எல்லாரையும் கூப்பிட்டது நீ. பேசினது ஒன் தம்பி. படம் எடுத்தது ஒன் தம்பி. பதினாலு பேரு பேரு வந்துச்சு. ஒன் பேரு மட்டும் எப்பிடி அகதா வரல?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன்னு நெனைக்கிறாங்க. இருபத்து ரெண்டு வருசமா ஒரே பைப்புல தண்ணி புடிக்கிறோம். புருசன் மேல மரம் சாஞ்சப்ப என்னத் தூக்கி நிறுத்தினவங்க. நான் காட்டிக் குடுத்துட்டேன்னு நெனைக்கிறாங்க."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நான் அன்னைக்குப் பந்தலுக்கு வரலியா? காலையில இருந்து அங்கதானே நின்னேன். அவங்க எல்லாரையும் எடுத்திருக்க. நான் எங்க போனேன்?"

"இருப்பேக்கா. கிராணி கண்ணுல படாம..."

"போடு. பாப்போம்."

ரோசரி கேசட்டைப் போட்டாள்.

திரையில் பந்தல் வந்தது. தோரணம், மாவிலை, ஜிகினாக் காகிதம். பாவாடைத் தாவணியில் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் பெண். பிறகு சாப்பாடு. பிறகு ஆம்புரோஸின் குரல் பின்னணியில் ஓட, முகங்கள். பிச்சைமுத்து பல் குத்திக்கொண்டிருந்தார். காளியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசுகிறவனைப் பார்த்துத் தலையாட்டினாள். யாரோ ஒருவர் தூங்கி வழிந்தார். கேமரா பொறுமையாக நகர்ந்தது. பந்தல் முடிந்தது, சமையல் கொட்டகை தொடங்கியது. வாசலில், அகதா இன்றும் உடுத்தியிருந்த அதே வெளிர்நீலச் சேலையும் பெரிய கரண்டியுமாக ஒரு உருவம் தெரிந்தது. அதற்குள் படம் வெடுக்கென்று திரும்பி மறுபடி பந்தலுக்கே வந்துவிட்டது.

ரோசரி பட்டனை அமுக்கிப் பின்னால் ஓட்டினாள். மறுபடி ஓட விட்டாள். கரண்டி வந்தது. படம் திரும்பியது.

முன்பகுதிக்குப் போனாள். சோற்று வாளியோடு அகதா பந்தலுக்குள் வருகிறாள். முழங்கை தெரிகிறது. படம் திரும்புகிறது. இன்னொரு இடத்தில் அவள் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஆள் இல்லை.

வெட்டி ஒட்டுகிற கண்ணுக்கு இது தப்பாது. "மூணு எடத்துல" என்றாள் ரோசரி கணவனைப் பார்க்காமல். "மூணு எடத்துலயும் அக்கா வந்த உடனே திருப்பியிருக்கீங்க."

"ஏன் திருப்பினே?" என்றாள் அகதா.

சூசைநாதன் தரையைப் பார்த்தான்.

"பழக்கம்க்கா."

"என்ன பழக்கம்?"

"ஒரு கல்யாணத்துல பொண்ணோட சித்தி, புருசன் இல்லாதவங்க, படம் தொடங்கினதும் மொத ஆளா வந்துட்டாங்க. மாப்பிள்ள வீட்டுல கேசட்டைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க. அதுலேர்ந்து நல்ல காரியத்துல... தாலியில்லாதவங்க வந்தா கை தானாத் திரும்பிடும். நான் நெனைச்சுச் செய்யறது இல்ல."

"நான்னு தெரிஞ்சுமா?"

"அந்தக் கண்ணாடி வழியாப் பாக்கும்போது யாருன்னு தெரியலக்கா. சேலையும் வெறுங்கழுத்தும்தான் தெரிஞ்சுச்சு."

இதைவிட மோசமான பதிலை அவன் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அது உண்மை. அவனுக்குத் தாயில்லாத குறை தெரியாமல் எட்டு வயதிலிருந்து வளர்த்தவள் அவள். அவளுடைய சேலையைப் பார்த்துக் கை திரும்பியிருக்கிறது.

ரோசரி டெக்கை நிறுத்தினாள்.

"ஒங்க கல்யாணத்துலயும் நான் எந்தப் படத்துலயும் இல்ல, ஞாபகம் இருக்கா?" என்றாள் அகதா. "அன்னைக்கு நானா ஒதுங்கிக்கிட்டேன். எந்தம்பி நல்லா இருக்கணும்னு. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா நானா ஒதுங்கறது வேற சூசை. ஒங்கை என்னைத் தள்ளி விடறது வேற."

சூசைநாதன் அழுதான். கல்யாண வீடுகளில் பெண்ணை அனுப்பும்போது எல்லோரும் அழுவதை நூறு தடவை படம் எடுத்தவன் அவன். தான் அழுவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

*

மத்தியானச் சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அகதா சொன்னாள்.

"கேமராவை எடு."

"எதுக்குக்கா?"

"என்னைப் படம் புடி. நான் பேசறேன். நாளைக்கு எட்டு மணிக்கு அதைக் கிராணி மேசையில வைக்கிறேன். எங்க லயத்து வீடுகள்லயும் போட்டுக் காட்டறேன்."

"நேர்ல போய்ச் சொன்னாப் போதாதா?" என்றான் ஆம்புரோஸ்.

"நேர்ல சொன்னா, அகதா அப்பிடிச் சொன்னா இப்பிடிச் சொன்னான்னு ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. படத்தைத்தானே நம்புறாங்க இப்ப எல்லாரும்?"

"என்ன சொல்லப் போற?"

"வந்தவங்க சாப்பிட வந்தவங்க. நீ பேசுவேன்னு அவங்களுக்குத் தெரியாது. பேசச் சொன்னது நான். அவ்வளவுதான்."

ஆம்புரோஸின் முகம் மாறியது. அக்காவின் வீடு போய்விடும் என்ற பயம் அவன் முகத்தில் முதலில் வந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

"அக்கா, என் கேசட்டுல இருநூறு பேரு என் பேச்சைக் கேக்கத் துணிஞ்சு வந்தாங்கன்னு இருக்கு. நீ சோறு திங்க வந்தாங்கன்னு சொன்னா... ஊரே சிரிக்கும். பிரசாரத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."

"சிரிக்கட்டும்."

"அந்த ஆளுங்களுக்காகத்தானே நான் நிக்கிறேன்! நான் ஜெயிச்சு வந்தா அந்தக் கிராணி வாயைத் திறக்க முடியுமா?"

"நீ ஜெயிச்சு வாரதுக்குள்ள காளியம்மா மக எங்க போயிப் புள்ள பெப்பா?"

அவன் வெளிக் கதவுக்குப் போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

சூசைநாதன் வேறு வழியில் முயன்றான். "வீடு போனா இங்க வந்துருக்கா. ஒனக்கு ஒரு ரூம் ஒழிச்சுத் தாரேன்."

"இங்க வந்து? நீ படம் எடுக்கறப்ப சமையக்கட்டுல போய் நின்னுக்கவா?"

ரோசரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். அகதா வந்த பிறகு அந்த வீட்டில் முதன்முதலாக வந்த சிரிப்பு அதுதான்.

பிறகு வேலை நடந்தது. சூசைநாதன் முக்காலியை ஊன்றினான். ரோசரி நீலத் திரையை எடுத்து வந்தாள். அகதா அது வேண்டாம் என்றாள். நல்ல சேலை ஒன்று தருவதாகச் சொன்னதற்கும் தலையாட்டி மறுத்தாள். "இதே சேலைதான். இதைப் பாத்துத்தானே கை திரும்புச்சு." விளக்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ரோசரி பிடித்தாள். விளக்கின் கனத்தில் வெளிச்சம் ஆடியது.

கதவடியிலிருந்து ஆம்புரோஸ் வந்தான். ஒன்றும் சொல்லாமல் விளக்கை அவள் கையிலிருந்து வாங்கி, அக்காவின் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தான்.

"கண்ணு கூசுதுடா."

"கொஞ்ச நேரந்தான்க்கா."

சூசைநாதன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெறுங்கழுத்து தெரிந்தது. அவன் அதை ஒதுக்கவில்லை. முகத்தை நடுவில் கொண்டு வந்து நிறுத்தினான்.

"என் பேரு அகதா. செத்துப்போன சவரிமுத்து சம்சாரம். ஒன்பதாங்கட்டைத் தோட்டம், மூணாவது லயம், பதினோராம் நம்பர் வீடு. இருபத்து ரெண்டு வருசமா மரம் வெட்டறேன். அன்னைக்கு இருளாயி வீட்டுச் சடங்குக்கு வந்தவங்க சாப்பிட வந்தவங்க. எந்தம்பி பேசுவான்னு அவங்களுக்குத் தெரியாது. இருளாயிக்கும் தெரியாது. அவனைப் பேசச் சொன்னது நான். அடுத்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டுப் பாதியில எந்திரிச்சுப் போனா மரியாதை இல்லைன்னுதான் அவங்க ஒக்காந்திருந்தாங்க. கூட்டம் போட்டது குத்தம்னா குத்தம் என்னுது. அந்தப் பதினாலு பேரை விட்டுட்டு என் பேரை எழுதிக்குங்க."

கொஞ்சம் நிறுத்தினாள். முடிந்துவிட்டது என்று நினைத்துச் சூசைநாதன் விரலை எடுக்கப் போனான். அவள் மறுபடி பேசினாள்.

"கிராணி ஐயா, நிறுத்தி நிறுத்திப் பாக்க வேணாம். நான் அசையாம இருக்கேன். மெதுவா எழுதிக்குங்க."

அப்படியே கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவர் ஒரு பெயரை எழுதி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். சூசைநாதன் கையைத் திருப்பவில்லை. விளக்கு ஆடவில்லை.

ரோசரி போட்டுக் காட்டினாள். டீவியில் தன்னைப் பார்த்த அகதா முதலில் கேட்டது, "நான் இவ்வளவு கறுப்பா?" என்றுதான்.

"விளக்கு சரியாப் பிடிக்கல" என்றான் ஆம்புரோஸ்.

"அந்த இருளாயிக்குத் தெரியாதுங்கறது பொய்தானேக்கா?" என்றாள் ரோசரி. "ஒரு வாரத்துக்கு முந்தியே நீங்க சொல்லித்தானே வச்சிருந்தீங்க? ஞாயித்துக்கெழமை அதுவுமா பொய்யா?"

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிக்கறேன். அவரு மன்னிப்பாரு. கிராணி மன்னிக்க மாட்டாரு."

ரோசரி இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தாள். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று லயத்துக்கு. இரண்டையும் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு பையில் போட்டாள். கூடவே பாசாரில் வாங்கிய ஆறு ஆரஞ்சுப் பழங்களையும் வைத்தாள். அகதா வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

சாயங்காலம் நாலரை மணி பஸ். நால்வரும் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். ஆம்புரோஸைப் பார்த்ததும் பழைய கூட்டாளியான டிரைவர் ஹார்னை அடித்து, "ஓய்பி! நம்ம பஸ்ஸ மறந்துட்டீங்கலா!" என்று கத்தினார். இன்னும் ஓட்டே போடவில்லை. அதற்குள் மக்கள் பிரதிநிதிக்குரிய பட்டம். வேறு நாளாக இருந்தால் ஆம்புரோஸ் கையை உயர்த்தி ஆட்டியிருப்பான்.

அகதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆம்புரோஸ் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்குக் காலையில லூமுட்டுல படகுத்துறைக்குப் போறேன். தவுக்கே ஒருத்தரு, படகு மொதலாளி, மீன்காரங்க எல்லாரையும் சேத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு. எரநூறு முந்நூறு ஓட்டு. அங்கயே சொல்லிடறேன். ஒன்பதாங்கட்டையில வந்தவங்க எனக்காக வரல, நான்தான் பெருமைக்குச் சொல்லிட்டேன்னு. மொதல் கேசட்டையும் கடையிலெல்லாம் திருப்பி வாங்கச் சொல்லிடறேன். சரியாக்கா?"

மனசாரத்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவன் சட்டைக் காலரில் மடிந்திருந்த இடத்தைச் சரி செய்தாள்.

"லூமுட்டுல சொல்றது லேசுடா" என்றாள். "அங்க யாரு வீடும் போகப் போறதில்ல. ஆபீஸ் வாசல்ல வந்து சொல்லு. எட்டு மணிக்கு."

"நான் தோட்டத்துக்குள்ள காலெடுத்து வச்சா போலீசக் கூப்பிடுவாங்கக்கா. வேட்பாளரு..."

"தெரியும்."

பஸ் புறப்பட்டது. சூசைநாதன் கூடவே நாலு அடி நடந்தான். அக்கா திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தான். அவள் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வளைவில் மறைந்த பிறகும் ஆம்புரோஸ் அங்கேயே நின்றான். சட்டைப் பையில் லூமுட் தவுக்கேயின் பெயர் எழுதிய சீட்டு இருந்தது. அதை எடுத்துப் பார்த்தான். மறுபடி மடித்து உள்ளே வைத்தான்.

"அண்ணே, லூமுட்டுக்கு நாளைக்கு ஒங்க கேமரா வேணும்" என்றான் யாரையும் பார்க்காமல்.

"கேமரா லூமுட்டுக்கு வராது" என்றான் சூசைநாதன். "நாளைக்கு நான் ஒன்பதாங்கட்டைக்குப் போறேன். உள்ள விடலைன்னா ரோட்டுல நிக்கறேன். அக்கா அந்த ஆபீஸ் படி ஏறுறதை எடுக்கணும்."

ஆம்புரோஸ் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான்.

ரோசரி பஸ் நேரப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயர் தாவாருக்கு மொத பஸ் அஞ்சரைக்கு" என்றாள். "ஒனக்குத் தெரியாததா தம்பி? அதுலதானே நீ நாலு வருசம் டிக்கெட் கிழிச்சே."